ஒரு செம்புத் தண்ணீர்

பெட்டி வாசலுக்குப் போயாயிற்று. மிலேனாவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சமையலறையில் அம்மாவுக்கும் அவளுக்கும் வாக்குவாதம் ஓயவில்லை.

"சோபியா மாதிரி பெரிய ஊர்ல காய்ச்சல்னு படுத்தா, ஒரு வாய் சூப் தர ஆளிருக்கா?"

"இல்லதான். ஏன் சிரிக்கிற, எங்க சுத்துறன்னு கேக்கவும் ஆளில்லையே!"

"இந்த வயசுல டிராம் ஓட்டியே ஆகணுமா?"

"வேற எந்த வயசுல ஓட்டுறது?"

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. பயணம் தண்ணீர்போலத் தடையில்லாமல் ஓடட்டும் என்று, கிளம்புகிறவரின் காலடியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம்.

மிலேனாதான் ஊற்றினாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்மா" என்றாள்.

அப்பா இறந்த நாளிலிருந்து கறுப்பையே உடுத்திய அம்மா, சிவப்புக் கோட்டோடு ஈரத்தில் இறங்கினாள்.

"கறுப்புத் துணியெல்லாம் அலமாரியில இருக்கு. எதிர்வீட்டுக்காரி ஏதாவது சொன்னா, அவளுக்கே குடுத்துடு!"