பழைய வெர்ஷன்

"அம்மா, திரையில இப்ப என்ன தெரியுது?" போனில் கேட்டான் மெயில் கம்பெனியின் உதவிப் பிரிவு இளைஞன்.

"என்னென்னவோ தெரியுதுப்பா. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற எங்க மெயில் புரோகிராம் ரொம்பப் பழைய வெர்ஷன்மா. இன்னைக்குள்ள மாத்தலைன்னா நாளைக்கு மெயில் வராது."

"எனக்கு யாரு மெயில் போடப் போறா! அது சரி, எங்க வீட்டுல இருக்கிறது பழசுன்னு அங்க உட்கார்ந்துக்கிட்டே எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"ஒரு சின்ன கோடிங்மா. நீங்க மெயிலைத் திறந்ததும் எந்த வெர்ஷன்னு பார்த்துச் சொல்லிடும். கொஞ்சம் பழசுன்னா ரெக்கார்டு பண்ணின குரலே போன்ல பேசிடும். ரொம்பப் பழசுன்னாதான் எங்களைப் பேசச் சொல்லும்."

"யாரு எழுதினதோ, நல்லா இருக்கட்டும்."

"நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்குதும்மா. இப்ப மேல, வலது பக்கம் அழுத்துங்க."

அவர் அழுத்தவில்லை. காலையிலிருந்து அந்த வீட்டில் வாய் திறந்தது குக்கர் ஒன்றுதான். மகள் பேசமாட்டாள், கட்டைவிரல் படம் அனுப்புவாள், அதோடு சரி. கிடைத்த ஒரு மனிதக் குரலை அவ்வளவு சுலபமாக விட அவருக்கு மனம் வரவில்லை.

"பழசு உங்களை என்னப்பா பண்ணுச்சு? பழகின செருப்பு மாதிரி சுகமா இருக்கு."

"ஓட்டைச் செருப்புமா. முள்ளு குத்திடும்."

அவர் சிரித்தார். சிரித்து வெகுநாள் ஆகியிருந்ததால் இருமலும் கூடவே வந்தது.

"சாப்பிட்டியாப்பா?"

"இந்த கால் முடிஞ்சாதான். மணி மூணாச்சு, சூப்பர்வைசர் எந்திரிக்க விடமாட்டாரு."

"அடப்பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா!" என்றபடி விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

"அட, புதுசு வந்துடுச்சுன்னு இங்க காட்டுதே! நான் சொல்லவே இல்லையே, எப்படிமா போட்டீங்க?"

"கை பட்டிருக்கும். நீ முதல்ல போய்ச் சாப்பிடு."

"சந்தோஷம்மா. இனிமே நாங்க யாரும் உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டோம்."

போன் அடங்கியது. உடனே அவர் புதியதை அழித்துவிட்டு, பழைய வெர்ஷனையே மறுபடி ஏற்றினார்.

ரொம்பப் பழசாக இருந்தால் மட்டும் ஒரு மனிதரைப் பேச வைக்கும் அந்த கோடிங்கை, ஓய்வு பெறுவதற்கு முன் அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததே அவர்தான்.