முதல் அடி

யுவஸ்ரீ தம்பி தருணின் முதுகில் ஓங்கி அறைந்தாள். அவளுடைய ஆபீஸ் லேப்டாப்பில் டீயைக் கொட்டிவிட்டு, சொல்லாமல் மூடி வைத்திருந்தான்.

அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அவனைப் போயி அடிக்கறயாடி? கையை முறிச்சுப்போடுவேன்!"

"முறி! சின்னதுல இருந்து தப்புப் பண்றவன் அவன், அடி வாங்கறவ நானு. அவம்மேல ஒருக்காவாச்சும் கை வெச்சிருக்கியா?"

அம்மா மகனின் சட்டையைத் தூக்கி, முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை அது வீங்கவுமில்லை, கருக்கவுமில்லை.

தருணுக்குப் பிறவியிலேயே இரத்தம் உறையாது. முன்பெல்லாம் இப்படி ஓர் அடி பட்டால் உள்ளே இரத்தம் கசிந்து வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடப்பான். தை மாதத்திலிருந்து சேலத்தில் புது ஊசி போடுகிறார்கள். இரத்தம் உறையத் தேவையான இரண்டு புரதங்களை அந்த மருந்து இரு கைகளால் பிடித்துச் சேர்த்துவைக்குமாம். இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதை அம்மா நம்பியதே இல்லை.

"இன்னும் வலிக்குதா சாமி?"

"வலிக்குது. அவ்வளவுதாம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் முதுகில் தானும் ஓர் அறை வைத்தாள்.

"அக்கா லேப்டாப்பை எவன்டா தொடச் சொன்னது?"