வாயை மூடிய கம்ப்யூட்டர்

குறைந்தபட்ச விலைக்குக் கீழே பில் போட்டால் கம்ப்யூட்டர் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, தன் கடைக் கல்லாவில் மருமகனை உட்காரவைத்த முதல் நாளே மாமனார் எச்சரித்திருந்தார். சோபா வாங்க வருகிறவர்கள் கெஞ்சினாலே மருமகனுக்கு மனசு இளகிவிடும். அதனால் போன வாரம் யாருக்கும் தெரியாமல் அதன் வாயை அடைத்துவிட்டான்.

இப்போது மெக்கானிக் அதைக் குடைந்துகொண்டிருந்தான். பின்னால் மாமனார். மருமகனுக்கு ஒரே பயம்: கல்லாவை விட்டு எழுப்பிவிட்டால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

"பழைய ஸ்பீக்கர்ங்க, போயிருக்கும்," என்றான் ஈனசுரத்தில்.

"வயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. செட்டிங்ல யாரோ ஆஃப் பண்ணியிருக்காங்க." மெக்கானிக் ஒரு தட்டுத் தட்டினான். கம்ப்யூட்டர் 'கீ'யென்று அலறியது. மருமகனும் ஏறக்குறைய அலறினான்.

மெக்கானிக் போனதும் மாமனார் கதவைச் சாத்தினார்.

"மன்னிச்சிடுங்க மாமா! குறைச்சுக் குறைச்சுக் கொடுத்துட்டேன். உங்க பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"குறைச்சதை யார் கேட்டா மாப்பிள்ளை? ஒரு வாரமா எவனும் பேரத்தை நிறுத்த மாட்டேங்கிறான். அது கத்தி, உங்க முகம் வெளுத்தாத்தானே, இதுக்கு மேல இறங்காதுன்னு வர்றவன் நம்புவான்! அதுக்காகத்தான் எந்த விலை போட்டாலும் கத்துற மாதிரி வெச்சிருந்தேன்."

மருமகன் திருதிருவென்று விழித்தான். "எந்த விலைக்குமா? இத்தனை நாளா எனக்குத் தெரியலையே மாமா!"

"ஒரே ஒரு சோபாவை முழு விலைக்கு வித்திருந்தாத் தெரிஞ்சிருக்கும், மாப்பிள்ளை."