அட்மிஷன் பிடிக்க வந்தவர்

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பாதிக் கதவுகளை மே மாத வெயிலில் தட்டி ஓய்ந்த பிறகுதான், பிரவீன்குமாருக்கு ஒரு கதவு சிரித்த முகத்தோடு திறந்தது.

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் இன்ஜினீயரிங் கல்லூரியில் அவர் விரிவுரையாளர். இந்த வாரத்துக்குள் ஒரு மாணவரையாவது சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

கல்லூரிப் பெயரைச் சொன்னதுமே, மைன்ஸ் ஊழியர் நல்லசாமி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க சார்! எங்க பொண்ணு புவனா அங்கதான் சேரப் போறா."

கிராக்கி தானாக வந்து மாட்டினாலும், சரக்கைப் புகழாமல் எந்த வியாபாரியாலும் இருக்க முடியாது. "எங்ககிட்ட பி.டெக். மட்டும்தாங்க. அதனால வாத்தியாருங்க கவனமெல்லாம் பசங்க மேலயே இருக்கும்."

"லீவு கேட்டா குடுப்பாங்களா?"

"தாராளமா!"

"கிளாஸை விட்டுட்டு வெயில்ல அலைய விட மாட்டாங்களே?"

"சேச்சே!" என்றார் பிரவீன்குமார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். "சர்டிபிகேட் எல்லாம் குடுங்க."

"ஒரிஜினல் மொத்தத்தையும் காலேஜ்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்களே!"

யாரோ முந்திவிட்டார்கள். பிரவீன்குமாரின் குரல் இறங்கியது. "ஐயா, நான்தான் சேர்த்துவிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் வேலை தப்பிச்சிடும்."

தண்ணீர் கொண்டுவந்த புவனா சிரித்துவிட்டாள். "சார், நான் எம்.இ. முடிச்சவ. அங்க பாடம் எடுக்கப் போறேன். அட்மிஷனே புடிக்காத யாரோ பிரவீன்குமாராம். அவரைத் தூக்கிட்டு என்னைப் போட்டிருக்காங்க."

"அவரைத் தெரியுமா சார்?" என்றார் நல்லசாமி.

பிரவீன்குமார் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"தெரியும்ங்க. நல்லா பாடம் நடத்துவார்."