டார்ச்சை அணை

புயலில் வெள்ளம் சூழ்ந்து மின்சாரம் போன மறுநாள் மதியம், தணிகாசலத்தின் செயற்கை இதயம் பீப் ஒலியெழுப்பி எச்சரித்தது. டார்ச்சுக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற அதே ரீசார்ஜ் பேட்டரிகள்தான் அவர் இடுப்புப் பெட்டியில் இருந்து அதை ஓட்டின.

மனைவி இன்பவல்லி வீட்டிலிருந்த பேட்டரிகளையெல்லாம் கழற்றி வந்தாள். சோதிக்கும் கருவி எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது. ஆனால் காலையில் பச்சை காட்டிய ஜோடிதான் இப்போது பெட்டிக்குள் சாகக் கிடந்தது.

அவள் ஒவ்வொரு ஜோடியாக டார்ச்சில் போட்டு எரியவிட்டாள். முதலிரண்டும் சீக்கிரமே மங்கின. மூன்றாவது மங்கவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாமல் அணைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"வல்லி, அணைச்சிடு," என்றார் அவர். "அதுல எரியறது எனக்கு வேண்டிய சார்ஜ்டி."

அணைத்தாள். அந்த ஜோடியைப் பெட்டியில் மாட்டினாள். பீப் நின்றது. அவர் மார்பில் காதை வைத்தபடியே படுத்திருந்தாள்.

சாயங்காலம் மீட்புப் படகு வந்தது. இறங்கி வந்த செவிலியர் புதுப் பேட்டரிகளை நீட்டினார்.

"அதைக் கழட்டுங்கம்மா, இது ஃபுல் சார்ஜ்."

இன்பவல்லி இரண்டு கைகளாலும் பெட்டியைப் பொத்திக்கொண்டாள்.

"இது ஓடுதுங்க. இதுல கை வைக்காதீங்க."