சரிவுப் பலகை

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த கையோடு உமர் பாரூக் வெல்டிங் பட்டறைக்கு வந்தார். ஊர் ஊராகப் போய் பம்புசெட் ரிப்பேர் செய்வதற்காக அவர் வாங்கிய பழைய வேனுக்குள் பட்டறைக்காரர் பாலகோபால் மேஜை பொருத்திக்கொண்டிருந்தார்.

"இன்னும் கீழ எறக்குங்க."

"ஏனுங்க பாய், உங்க தம்பி நிஜாம் ஆறடி ஆளு. இதுல குனிஞ்சு மோட்டாருக்குக் காயில் கட்டுனா முதுகு போயிருமுங்க. இரும்பை மிச்சம் புடிக்கறீங்களா?"

"எறக்குங்க. பின்னாடி சரிவா ஒரு பலகையும் வேணும்."

"மோட்டார் ஏத்தவா? நிஜாம் தோள்லயே தூக்கிப்போடுவானுங்களே. மோட்டாரை மொபெட்டுல கட்டிட்டே ஊரெல்லாம் சுத்துறவன். ஆளைக் கண்டே ரொம்ப நாளாச்சுங்க. வேனை அவனா ஓட்டப் போறான்?"

"நான் ஓட்டுவேன்."

"மொதலாளியே டிரைவருங்களா?" பாலகோபால் சிரித்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் முதலில் சக்கர நாற்காலியை இறக்கினார். பிறகு நிஜாமைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். உடுமலைப்பேட்டை சாலையில் மொபெட் கவிழ்ந்தபோது, பின்னால் கட்டியிருந்த மோட்டார் அவன் இடுப்பின் மேல் விழுந்திருந்தது.

பாலகோபால் டேப்பை எடுத்து நாற்காலியின் உயரத்தை அளந்தார்.

நிஜாம் வேனை உள்ளும் புறமும் பார்த்துவிட்டு உமர் பக்கம் திரும்பினான்.

"நல்லாருக்குண்ணா. போன வருசம் நான் வேன் கேட்டப்ப, மொபெட்டே போதும்னீங்களே, ஏண்ணா?"