விட்டுப்போன மாதம்

வீட்டுக் கடன் முடிந்த அன்று, வங்கியிலிருந்து பத்திரத்தோடு வந்த லிஃப்ட் மெக்கானிக் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டை ஒரு சுற்று சுற்றினான்.

குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தான். சமையலறை ஜன்னலைத் திறந்து மூடினான். இருபது வருடக் கடனை ஒன்பதே வருடத்தில் அடைத்தவன். கொஞ்சம் ஆடினால்தான் என்ன?

மனைவி துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்ப்பவள். அவன் போன் போட்டு வரச் சொன்னதால் அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள். பத்திரத்தைக் கையில் வாங்கினாள், முதல் பக்கத்தைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மாதா மாதம் தவணையோடு சேர்த்து அசலிலும் ஒரு தொகையைக் கட்டுவது அவன் வழக்கம். வங்கியில் அவனுக்கு 'முந்திக்கட்டி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதை அவன் பட்டம் வாங்கியவன் போல வீட்டில் வந்து சொல்வான்.

அந்தத் தொகை வானத்திலிருந்து குதிக்கவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. பற்பசைக் குழாயை நடுவில் கத்தரித்துச் சுரண்டினார்கள். மகளுக்கு வாங்கும் ஷூ எப்போதும் இரண்டு அளவு பெரியது. முனையில் துணியைத் திணித்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போனாள்.

யார் எதைக் கேட்டாலும் அந்த வீட்டில் ஒரே பதில்தான். கடன் முடியட்டும்.

சைக்கிளா? கடன் முடியட்டும். கடல் பார்க்கப் போகணுமா? கடன் முடியட்டும். சொத்தைப் பல்லா? இந்தப் பக்கம் மென்று சாப்பிடு, கடன் முடியட்டும்.

ஒருமுறை மனைவி இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றிப் பேச்செடுத்தாள். அதற்கும் அவன் அதையேதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, புரண்டு படுத்துக்கொண்டே சொன்னான்.

அதன் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. தங்கமான பெண்டாட்டி என்று அவன் கூட வேலை செய்பவர்களிடம் பெருமையடித்திருக்கிறான்.

இன்று அவன் சின்ன அறையின் கதவைத் திறந்தான். உள்ளே உடைந்த நாற்காலியும் பழைய துணி மூட்டைகளும் கிடந்தன. பின்னாலேயே ஓடிவந்த மகள் இனிமேல் இது என் ரூம் என்றாள். இல்லை, இது உன் தம்பிக்கோ தங்கச்சிக்கோ என்று சொல்லி அவன் கண்ணடித்தான்.

சமையலறையில் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நடக்காத காரியம். அவனே போய் மூடினான்.

அவள் கையில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள்.

அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் அந்த மாதம் நினைவுக்கு வந்தது.

ஒன்பது வருடத்தில் கூடுதல் பணம் கட்டாமல் விட்டது ஒரே ஒரு மாதம். நாலு வருடத்துக்கு முன்னால், அவன் வெளியூர் வேலைக்குப் போனபோது பணத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் தவணையை மட்டும் கட்டியிருந்தாள். மீதி எங்கே என்று கேட்டதற்கு, பர்ஸ் தொலைந்துவிட்டது என்றாள்.

அவளாவது, பர்ஸைத் தொலைப்பதாவது! குண்டூசி விழுந்தால்கூடத் தேடியெடுத்துக் குத்தி வைக்கிறவள். பணம் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். நாலு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போகட்டும், பழைய கதை. இன்று அவன் மனது நிறைந்திருந்தது.

“இப்பவாவது உண்மையச் சொல்லு, அந்த மாசப் பணத்த உங்க அம்மா வீட்டுக்குத்தானே குடுத்தே? சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். மகள் விளையாட வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குக் குடுத்தேங்க. ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. உங்ககிட்ட கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு தெரியுமே, அதான் நானே போய்க் கலைச்சிட்டு வந்துட்டேன்.”

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். ஆனால் சொல்லியிருப்பான். அது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் திரும்பவும் குழாயைத் திறந்தாள்.

 அன்று வெளியூர் வேலையிலிருந்து அவன் திரும்பி வந்தபோது அவள் சுருண்டு படுத்திருந்தாள். வயிற்று வலி என்றாள். பணத்தைக் கேட்பேன் என்று பயந்து நடிக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

துண்டு விழுந்த அந்தப் பணத்தை எப்படியாவது ஈடுகட்ட வேண்டுமே. மறுநாளே அவன் வீட்டுக்கு வாங்கும் பாலைப் பாதியாகக் குறைத்தான். மகளுக்கு ஊற்றியது போக ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த மாதம் முழுக்க அவள் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.